கொழும்புக்குப் போய்வந்த முகவரிகள்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று சொல்லுவார்கள். எங்கள் கந்தோரில் அந்தச் சங்கு ஒரு மென்பொருள். ஆண்டி கொழும்பில், குளிரூட்டிய அறையில் இருந்தார்.

போர் முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. மன்னார் நகரத்தில், பள்ளிமுனைக்குப் போகிற வழியில், வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் எங்கள் அலுவலகம், அதாவது கந்தோர், இருந்தது. வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கிற குடும்பங்களின் விபரங்களைக் கணினியில் பதிந்து, குடும்பத்துக்கு ஒரு அறிக்கை அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அந்த அறிக்கை கையில் இல்லாமல் தெரிவுக் குழுவின் முன்னால் போய் நிற்க முடியாது. நான் கணினிகளுக்குப் பொறுப்பு. பொறுப்பு என்றால், கந்தோரில் எது ஓடாவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். அவருடைய செப அறையில்தான் பிரிண்டரை வைத்திருந்தோம். சுவரில் சிலுவை தொங்கிய இடம் மட்டும் வெளிறாமல் அப்படியே சிலுவையாக இருக்கும். பக்தியினால் அந்த அறையைத் தெரிவுசெய்யவில்லை. அந்த வீட்டில் யன்னல் இல்லாத ஒரே அறை அதுதான். மன்னார்க் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டாத இடம் வேறு இல்லை. பிரிண்டர் பழைய வகை. ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் கிறீச் கிறீச் என்று வரிவரியாக அடிக்கும். முற்றத்து வேம்பின் நிழலில் விண்ணப்பதாரர்கள் காத்திருப்பார்கள், அவர்களோடு நகரத்துக் கழுதைகளும் காத்திருக்கும். எள்ளுத்தான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் காயுது என்று எங்கள் பொறுப்பதிகாரி தினமும் கழுதைகளைப் பார்த்துக் கேட்பார். அவை எங்களைவிடப் பொறுமையாக நின்றன.

பழைய மென்பொருளுக்கு அழகு கிடையாது. ஆனால் பொத்தானை அழுத்தினால் அறிக்கை வரும். அது கொழும்புக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு நாள் இரண்டு பேர் வான் வண்டியில் வந்து இறங்கி, எங்கள் கதிரைகளில் பின்னேரம் வரை இருந்து புதியதை ஏற்றினார்கள். பழகிப் பார்க்கச் சொல்லி எங்கள் எல்லோரையும் எங்கள் குடும்ப விபரங்களையே பதிய வைத்தார்கள். பிறகு கருவாடு நல்லதாக எங்கே வாங்கலாம் என்று கேட்டார்கள். போகும்போது, "இனி எல்லாம் ஒன்லைன்" என்று சொன்னார்கள். கருவாட்டுப் பொதியைக் கட்டின வேகத்துக்கு மென்பொருளைக் கட்டியிருக்கலாம் என்று பிறகு நான் நினைத்ததுண்டு.

முதல் சண்டை ஒரு சின்னக் கோட்டினால் வந்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சனம் எந்தப் படிவத்திலும் வெற்றிடம் விடாது. ஊர்விட்டு ஊர் போக பாஸ் எடுத்த போர்க்காலத்திலிருந்து வந்த பழக்கம். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடிப் பதிவு, முகாம் பதிவு என்று எதை நிரப்பினாலும், எழுத ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு கோடு கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் போன பிறகு அங்கே யாரும் எதையும் எழுதலாம். எழுதினால் பதில் சொல்லப் போவது நீங்கள். அதனால் நாங்கள் கணினியிலும் வெற்றுக் கட்டங்களில் கோடு போட்டுத்தான் பதிந்து வந்தோம். பழைய மென்பொருள் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

புதியது சிவப்பாகக் கத்தியது. சிலாவத்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளைதான் எங்களுக்குத் தரவு பதிகிறவள். புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்து, வாப்பாவின் ஊருக்குத் திரும்பியவள். ஒரு காலை முழுக்க அவள் கோடு போட, மென்பொருள் அழிக்க, திரும்பவும் அவள் போட என்று போனது.

"அக்கா, இது திகதி போடுற கட்டமாம். கோடு எடுக்காதாம். வெறுமையா விடட்டாம்."

"விடு, என்ன செய்யிறது."

"ஆரும் எழுதினா?"

"கொழும்பிலிருந்து வந்து எழுத மாட்டாங்கள், விடு" என்றேன்.

அவள் மனமில்லாமல் விட்டாள். பழைய பதிவுகளில் இருந்த கோடுகளையெல்லாம் மென்பொருள் தானே துடைத்துவிட்டது. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பெரிதாக எடுக்க வேறு விடயம் வந்துவிட்டது.

அறிக்கை வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு வரி அடிக்கும், நிற்கும். வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் இன்னொரு வரி அடித்திருக்கும். சிலருடைய அறிக்கை பாதியில் நின்று, பிழைச் செய்தி காட்டிவிட்டுப் படுத்துவிடும். சனம் கூடியது. எங்கள் பொறுப்பதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாதவர். அவர் தன் மேசையில் இருந்தபடி, அறிக்கைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு கடிதத்துக்காக அச்சிடும் பொத்தானை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தார். மணி அடித்தால் பியோன் வருவது மாதிரி கடிதமும் வரும் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் அழுத்தியதெல்லாம் வரிசையில் சேர்ந்து, அன்றைக்குப் பின்னேரம் ஒரே கடிதம் கட்டுக்கட்டாக வந்து செப அறையை நிரப்பியது.

இந்த அமளிக்குள்தான் அந்த அம்மா வந்தார். மன்னார்த் தீவுக்கு அப்பால் பெருநிலப்பரப்பில், மாந்தைப் பக்கத்து வயல் கிராமம் ஒன்றிலிருந்து, பாலம் கடந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். என் தாயின் வயது இருக்கும். கையில் ஒரு கறுப்புக் குடை. வெயிலுக்கா, கழுதைக்கா, எங்களுக்கா என்று தெரியாதபடி பிடித்திருந்தார். அவருடைய கிராமத்தில் மற்ற எல்லோரும் பழைய மென்பொருள் இருந்தபோதே அறிக்கை எடுத்துவிட்டார்கள். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரியில் நின்றதால் இவர் மட்டும் பிந்திவிட்டார். அவருடைய கிராமத்துக்கான தெரிவுக் குழு வருகிற வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதை விட்டால் அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. போன மாரியில் தகரக் கொட்டிலுக்குள் வெள்ளம் வந்து, குடும்பமே மேசை மேல் ஏறி இருந்ததாம். இந்த மாரிக்குள் அத்திவாரமாவது போட வேண்டும், இப்போது கைக்குழந்தை வேறு இருக்கிறது என்றார்.

அவருடைய அறிக்கை மூன்று தரம் பாதியில் நின்றது.

"என்ன பிள்ளை, உங்கட மிசினுக்கும் பிள்ளைப்பேறோ? இப்பிடி முக்குது."

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. நாளைக்கு வாங்கோ, சரியாக்கி வைக்கிறன்."

"நாளைக்கு எண்டு சொல்லிச் சொல்லியே எங்களை உலகம் முழுக்கச் சுத்த வைச்சவங்கள்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. கருவாடு வாங்கின அந்த இரண்டு பேர் மேல்.

பிரிண்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்து கொட்டிய மணலில் ஒரு மிளகாய்க் கன்று நடலாம். துடைத்துப் பூட்டினேன், அதே ஆமை நடை. வயரை மாற்றினேன். நாடாவை மாற்றினேன். வேறு அலுவலாக வந்த பங்குச் சுவாமியிடம் எங்கள் சாரதி போய் முறையிட, அவரும் சிரித்துக்கொண்டே வந்து செப அறைக்கு ஆசீர்வாதம் கொடுத்தார். தீர்த்தம் பிரிண்டர் மேல் படாமல் நான் குறுக்கே நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டேன். பொறுப்பதிகாரிக்கு மட்டும் பிரிண்டர் மேல் இருந்த சந்தேகம் போகவில்லை.

"தங்கச்சி, இன்னொருக்காத் துடைச்சுப் பாருமன்."

"சேர், சாதாரணக் கடிதம் அடிச்சா உடன வருது. பிரிண்டரில பிழை இல்லை. இந்த அறிக்கையிலதான் என்னவோ கிடக்கு."

அந்த 'என்னவோ' சாரதியின் புண்ணியத்தில் பிடிபட்டது. அவர் தகப்பனின் பிடிவாதத்தால் போர் முழுவதும் கடற்கரையோரத்து ஒரே வீட்டில் இருந்தவர். பழகிப் பார்க்கப் பதிந்த எங்கள் எல்லோருடைய அறிக்கைகளையும் நான் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தபோது, அவருடையது அழுத்தின கையோடு வந்து விழுந்தது.

"பாத்தியளே என்ர பேப்பரை? விடியப் பிடிச்ச மீன் மாதிரித் துடிக்குது" என்று அதைத் தூக்கிக்கொண்டு கந்தோர் முழுக்கச் சுற்றினார்.

சிலாவத்துறைப் பிள்ளையுடையது மெதுவாக வந்தது. பொறுப்பதிகாரியுடையது வந்து முடியும்போது அவருடைய தேத்தண்ணி ஆறி, ஈ விழுந்திருந்தது. மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாரதிக்கு ஒரு முகவரி. அந்தப் பிள்ளைக்கு நாலு. பொறுப்பதிகாரி தீவுப்பகுதியில் தொடங்கி, வலிகாமம், தென்மராட்சி, வன்னி என்று கோயில் கோயிலாகவும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவும் போயிருந்தார். அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை. இணைய வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் அடித்தேன். முதலாவது முகவரியிலேயே பிழைச் செய்தி காட்டி நின்றது.

அப்போது விளங்கியது. பழைய மென்பொருள் எங்கள் கணினியில் இருந்ததை அப்படியே அச்சடித்தது. புதியதோ ஒவ்வொரு முகவரிக்கும் கொழும்பில் இருக்கும் பெரிய கணினியிடம் போய், "இப்படி ஒரு இடம் இருக்கிறதா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் அந்த வரியை அடித்தது. எங்கள் இணையம் நூல்போல. ஒரு கேள்வி போய்வர ஒரு யுகம். ஆக, வீட்டை விட்டு அசையாதவருக்கு அறிக்கை உடனே கிடைக்கும். அலைந்தவர் இங்கேயும் அலைய வேண்டும். எவ்வளவு கூட அலைந்தாரோ அவ்வளவு கூடக் காத்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் குடும்பத்துக்கு எத்தனை முகவரி என்று திரையில் பார்த்தேன். திரையைக் கீழே உருட்ட வேண்டியிருந்தது.

கொழும்புக்குப் போன் எடுத்தேன். மென்பொருள்காரர் நல்ல மனிதர், பேச்சில் சர்க்கரை.

"என்ன மிஸ், நாங்க இங்க டெஸ்ட் பண்ணினப்போ ரெண்டு செக்கன்ல வந்திச்சே."

"ஆரை வைச்சு டெஸ்ட் பண்ணினீங்கள்?"

"எங்க ஒபீஸ் ஆக்கள வச்சுத்தான். ஒருத்தருக்கு ரெண்டு அட்ரஸ். நிரந்தரம் ஒண்ணு, தற்காலிகம் ஒண்ணு. ஒரு மனுசனுக்கு அதுக்கு மேல என்ன மிஸ் வேணும்?"

"வேணுமெண்டு ஆரும் வைச்சிருக்கேல்ல" என்றேன்.

அவர் எங்கள் தரவை அங்கே திறந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், இதுல மடு தேவாலய வளவு, மரத்தின் கீழ் அப்படீன்னு போட்டிருக்கு. மரத்துக்குக் கீழ இருந்தது எல்லாம் அட்ரஸா?"

"அங்க வைச்சு விதானையார் பதிஞ்சவர். பதிஞ்சபடியாத்தான் அரிசி குடுத்தவங்கள். அரிசி வந்த இடமெல்லாம் எங்களுக்கு முகவரிதான்."

இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு இடத்திலும் சனம் முதலில் தேடியது தண்ணீரை, அடுத்தது பதிகிற விதானையாரை, அதாவது கிராம அலுவலரை. பதிவில் இல்லாத குடும்பத்துக்கு நிவாரணம் இல்லை. அதனால் ஒரு கிழமை இருந்த பள்ளிக்கூடத்தைக்கூட எங்கள் விண்ணப்பதாரர்கள் மறக்காமல் சொல்லுவார்கள். சொன்னதை ஒன்றும் விடாமல் நாங்களும் பதிந்தோம். கொழும்பில் அதைத் தரவுப் பெருக்கம் என்று சொன்னார்களாம்.

"விடுங்க மிஸ், நான் ஒரு திருத்தம் அனுப்புறேன்" என்றார்.

திருத்தம் மறுநாள் காலை வந்தது. ஏற்றினேன். பொத்தானை அழுத்தினேன். பிரிண்டர் பேய் பிடித்தது மாதிரி அடித்துத் தள்ளியது. தேங்கிக் கிடந்த அறிக்கைகள் அத்தனையும் மத்தியானத்துக்கு முன்னம் வந்து முடிந்தன. சாரதி கைதட்டினார். பொறுப்பதிகாரி கடைக்கு ஆள் விட்டு றோல்ஸும் கேக்கும் எடுப்பித்தார். கொழும்பிலிருந்து பாராட்டு மின்னஞ்சல் வந்தது. மற்ற மாவட்டங்கள் மன்னாரைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ மன்னாரைப் பார்த்துப் படிக்கப் போகிறார்கள் என்று பொறுப்பதிகாரி அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். அது கூட உடனே அச்சடித்து வந்தது.

அறிக்கைகளை ஒருவரும் வாசிக்கவில்லை. அறிக்கையை யார் வாசிப்பது? வருகிறதா வரவில்லையா என்பதுதானே ஒரு கிழமையாக எங்கள் கவலை. கட்டாகக் கட்டி, வெள்ளிக்கிழமை மாவட்டச் செயலகத்துக்குக் கொண்டுபோக வானில் ஏற்றினோம்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா வந்தார். நான் எழும்பி நின்று, பெருமையோடு அவருடைய அறிக்கையை நீட்டினேன். அவர் வாங்கி, முதலில் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஒரு தாள்தானோ?"

"ஓம் அம்மா. இப்ப எல்லாம் சுருக்கம்."

சட்டைக்குள் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, விரலால் தடவித் தடவி வாசித்தார். அவசரப்படவில்லை. பிறகு தாளை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இது என்ர இல்லை."

"உங்கடதான் அம்மா. பெயர் இருக்கு, அடையாள அட்டை நம்பர் இருக்கு."

"பெயர் என்ரதான். ஆனா இந்த மனுசி ஒரு இடமும் போகேல்லையே. பிறந்ததில இருந்து வீட்டிலயே இருந்திருக்கிறா. குடுத்து வைச்சவ."

நான் வாசித்தேன். முகவரி ஒன்று, இப்போது கொட்டில் நிற்கிற காணி. அதற்குக் கீழே, தடித்த எழுத்தில்: இடம்பெயர்ந்த தடவைகள், 0.

கொழும்புக்காரர் அனுப்பிய திருத்தம் என்ன செய்தது என்று அப்போதுதான் விளங்கியது. முன்னைய முகவரிகளைக் கேட்கப் போவதால்தானே தாமதம்? ஆகவே முன்னைய முகவரிகளையே எடுத்துவிட்டது. முகவரி ஒன்றுதான் என்றால் இடம்பெயர்வு சைபர்தானே. இடம்பெயராதவர்களுக்கு வீட்டுத்திட்டத்தில் இடம் இல்லை. அது முதலாவது விதி, குழுவின் மேசையில் முதலாவது கேள்வி. வானுக்கு ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் சைபர். ஒரு கிழமைக்குள் மாவட்டத்தில் போரே நடக்காமல் செய்துவிட்டோம். அதற்குத்தான் பாராட்டும் வந்திருந்தது.

பொறுப்பதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை.

"தங்கச்சி, இப்பதான் சரி வந்திருக்கு. பிறகும் போய்க் குழப்பாதையும். கொழும்பில சரியெண்டு சொல்லிப்போட்டாங்கள்."

"சேர், அதில ஒரு தெரிவு இருக்கு. முன்னைய முகவரிகளைத் தவிர்க்கவும் எண்டு ஒரு சரி அடையாளம். அதை எடுத்துவிட்டாப் பழையபடி எல்லாம் வரும். உங்கட கடவுச்சொல்லிலதான் செய்யலாம்."

"பழையபடி நிக்கவும் செய்யும். இரவு பகலா ஒரு பேப்பரை அடிச்சுக்கொண்டிருக்க ஏலுமே?"

வாயால் பேசிப் பயன் இல்லை என்று தெரிந்தது. எனக்கு வாய் நீளம் என்று கந்தோரில் ஒரு பெயர் ஏற்கனவே இருந்தது. செப அறைக்குள் போய் அவருடைய சொந்த அறிக்கையை அடித்தேன். கண் மூடித் திறக்க முன்னம் வந்தது. கொண்டுபோய்ப் பாராட்டு மின்னஞ்சலுக்குக் கீழே, அவருக்கு முன்னால் வைத்தேன்.

அவர் வாசித்தார். பிறந்த தீவு இல்லை, கோயில்கள் இல்லை, பள்ளிக்கூடங்கள் இல்லை. மன்னாரில் வாடகை அறை மட்டும் இருந்தது. இடம்பெயர்ந்த தடவைகள், 0. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டு அந்தச் சைபரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவன் என்ர மனுசியைப் புதைச்ச இடத்தையும் எல்லே எடுத்துப்போட்டான்" என்றார்.

மனைவியை அவர் அலைந்த வழியில் புதைத்தது எனக்குத் தெரியாது. நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. நான் அவருக்குப் பாடம் படிப்பிக்க வந்தவள், அந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் எழும்பி என் கணினிக்கு வந்து கடவுச்சொல்லைத் தட்டினார். அந்தச் சரி அடையாளத்தை எடுத்தேன். மாவட்டச் செயலகத்தை எங்கள் சனம் கச்சேரி என்றுதான் சொல்லும். அவர், குழு கூடியிருந்த கச்சேரிக்குப் போன் எடுத்து, கடைசியாக ஒரு ஆள் வருகிறார், சாப்பாட்டுக்கு எழும்ப முன்னம் வந்துவிடுவார், பொறுங்கள் என்றார். மற்றக் கட்டு பிறகு வரும் என்றார். மற்றக் கிராமங்களின் முறைக்கு இன்னும் நாள் இருந்ததால் அதில் ஒருவருக்கும் கவலை இல்லை.

அந்த அம்மாவுக்குச் செப அறையில், பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். இணையத்தை வேறு எவரும் தொடக்கூடாது என்று பொறுப்பதிகாரி உத்தரவு போட்டார். கரண்ட் போகக்கூடாது என்று அவரவர் தங்கள் தங்கள் கடவுளிடம் சொல்லி வைத்தோம். மூன்று மதம் வேலை செய்த கந்தோர் என்பதால் எல்லாப் பக்கத்தாலும் பாதுகாப்பு இருந்தது.

கிறீச் என்று ஒரு வரி. பிறகு அமைதி.

"இப்ப என்ன செய்யுது?"

"கொழும்பில போய்க் கேக்குது அம்மா, இப்பிடி ஒரு இடம் இருக்கோ எண்டு."

"நாங்கள் இருந்த இடம் கொழும்புக்கு என்னெண்டு தெரியும்?"

ஆனால் கொழும்பு ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு வரி வரும்போதும் அவர் குனிந்து வாசித்து, ஆளை அடையாளம் காட்டுவது மாதிரித் தலையாட்டினார்.

"ஓம், இது மடு. அந்த மரத்தில முசுறு எறும்பு. படுக்க விடாது… இது பள்ளிக்கூடம். மூண்டாம் வகுப்பு அறை. கரும்பலகையில கணக்கு ஒண்டு பாதியில கிடந்தது, என்ர மூத்தவள் அதைச் செய்து முடிச்சவள்… இது எது? ஓ, அந்த ஆத்தங்கரை. இங்க விதானையாரே எங்களுக்குப் பின்னாலதான் ஓடி வந்தவர், பிறகு எப்பிடிப் பதிஞ்சவர்?"

சாரதி வாசலில் வானை உறுமவிட்டபடி நின்றார். சிலாவத்துறைப் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்று, காகிதம் மடிந்து சிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அது வெளியே வர வர அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து கதவடிக்குப் போய்விட்டாள். கடைசிப் பகுதியில் முகாம்களும், முள்ளுக்கம்பிக்குள்ளே கூடார இலக்கங்களும் வந்தன. அந்த அம்மா அவற்றுக்குத் தலையாட்டவில்லை. வாசித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தார்.

கடைசி வரி அடித்து முடிந்தது. அவருடைய கிராமம், அவருடைய காணி. அதற்குக் கீழே இடம்பெயர்ந்த தடவைகள் என்று இருந்த எண்ணைப் பொறுப்பதிகாரி எட்டிப் பார்த்து, "இதுக்கு மேல என்னத்தைக் கேக்கப்போறாங்கள்" என்று சொன்னார். முத்திரை குத்தினார். சாரதி கூப்பிட்டார்.

அந்த அம்மாவுக்கு வீடு கிடைத்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையைத் தொங்கவிட்டு ஆட்களைத் தவிக்க வைக்கிறது எனக்குப் பிடிக்காது. குழுவில் இருந்தவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்தார்கள், நீளத்தைப் பார்த்தார்கள், பசியில் கையெழுத்துப் போட்டார்கள் என்று சாரதி வந்து சொன்னார். ஒருவரும் முழுக்க வாசிக்கவில்லையாம். கொழும்புக்காரரும் பிறகு ஊர்ப்பெயர்கள் முழுவதையும் எங்கள் கணினிக்கே அனுப்பி வைத்து, அறிக்கை முழுதாகவும் உடனேயும் வருகிறபடி செய்து கொடுத்தார். அதற்குப் பாராட்டு மின்னஞ்சல் ஒன்றும் வரவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்னம் நடந்தது. அந்த அம்மா அறிக்கையை மடித்துக்கொண்டு கதவடி வரை போனவர், நின்று, திரும்பி வந்தார். மேசையில் விரித்துக் கடைசி வரியைக் காட்டினார். ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: எப்போதிலிருந்து, எப்போது வரை. மேலே இருந்த எல்லா வரிகளிலும் இரண்டும் நிரம்பியிருந்தன. கடைசி வரியில் இரண்டாவது கட்டம் காலி.

"இதில ஏன் பிள்ளை ஒண்டும் இல்லை?"

"அது நீங்கள் இப்ப இருக்கிற இடம் அம்மா. இன்னும் அங்கதானே இருக்கிறியள். எப்ப வரைக்கும் எண்டு இல்லை. அதுதான் வெறுமையாக் கிடக்கு."

"முந்தி இதில கோடு போடுவியளாம். ஊரில எல்லாற்ற பேப்பரிலயும் இருக்கு."

"புது மென்பொருள் கோட்டை எடுக்குதில்லை அம்மா. அதால ஒரு பிழையும் வராது."

"இல்லைப் பிள்ளை, வெறுமையா விட ஏலாது. ஆரும் எழுதிப் போடுவாங்கள்."

சாரதி ஹோர்ன் அடித்தார். நான் பொறுப்பதிகாரியைப் பார்த்தேன். முத்திரை குத்தின அறிக்கையில் கையால் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வாசித்துக் காட்டியவர் அவர். அவர் தன் மேசை லாச்சியை இழுத்து, கோடு கீறுகிற அடிமட்டத்தையும் பேனையையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

கட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு கீறினேன். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியோடு குனிந்து, அது முடியும்வரை பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திக் கீறுங்கோ பிள்ளை" என்றார்.